காக்கைத்தலையில் மை இல்லை

எங்கள் ஊருக்கு மனிதர்கள் மலையேறி வருவது ஒரு ரப்பர் ஸ்டாம்புக்காக. வெளியூரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. உள்ளூரில் சொன்னால் டாக்டர் பிரிங்க்மான் கோபித்துக்கொள்வார். அவர்கள் இயற்கையைத் தேடி வருகிறார்கள், காட்டின் மௌனத்தைத் தேடி வருகிறார்கள், கடைசியில் தங்களையே தேடி வருகிறார்கள் என்பது அவருடைய கருத்து. நான் பார்த்தவரை, கரிக்காரர் பாதையில் காலையிலிருந்து மூச்சுவாங்க நடந்து ஐலன்ரோடா வந்து சேர்கிறவர் முதலில் கேட்பது, "ஸ்டாம்ப் எங்க இருக்கு?" என்பதுதான். மௌனத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை.

கரிக்காரர் பாதை எங்கள் மலைத்தொடரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகிறது. வழியில் ஆங்காங்கே ஒரு கம்பம், கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் சங்கிலியில் கட்டிய ஸ்டாம்ப், பக்கத்தில் பச்சை மை ஊறிய பேட். நடப்பவர் தன் கைப்புத்தகத்தில் தானே குத்திக்கொள்ள வேண்டும். எல்லா முத்திரைகளும் சேர்ந்துவிட்டால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லையும், 'பாதை மன்னர்' என்ற பட்டமும் கிடைக்கும். இதற்காகப் பல்வைத்தியர்களும் ஓய்வுபெற்ற நீதிபதிகளும் மழையில் நனைந்து, முட்டி வீங்கி, மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள்.

பாதை வருவதற்கு முன்பு எங்கள் ஊரில் கண்ணாடித் தொழிற்சாலை மூடியிருந்தது, பள்ளிக்கூடம் மூடியிருந்தது, கடைசியாகத் தபால் நிலையமும் மூடியிருந்தது. திறந்திருந்தவை கல்லறைத் தோட்டமும் 'காட்டுப்பன்றி' விடுதியும்தான். பதினேழாம் முத்திரைக் கம்பம் விடுதி வாசலில் நடப்பட்டதற்கு ஆழ்ந்த காரணம் எதுவும் இல்லை. கம்பம் நட வந்த தச்சருக்கு அன்று தாகமாக இருந்தது.

ஆனால் அந்தக் கம்பம் ஊரையே மாற்றிவிட்டது. பேக்கரி ஏவால்ட், தன் தாத்தா காலத்திலிருந்து சுட்டுவந்த அதே கல் ரொட்டிக்கு 'நடைப்பயண ரொட்டி' என்று பெயர் வைத்தார். விற்பனை பெருகியது, பல் உடைந்தவர்கள்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். போதகர் தேவாலயக் கழிப்பறையைத் திறந்துவிட்டார். தேவாலயத்துக்கு வருபவர்கள் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்துவிட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். கழிப்பறையைத் தாண்டி யாரும் உள்ளே வருவதில்லை என்பதை அறிக்கை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு இருபது வருடமாக வணக்கம் சொல்லாதவர்கள் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துத் தலையசைக்கத் தொடங்கினார்கள். கல்லறைக் காவலரின் நாய் நொண்டக் கற்றுக்கொண்டது. சாசேஜ் துண்டு விழுந்ததும் கால் சரியாகிவிடும். அடுத்த முதுகுப்பை வளைவில் தெரிந்தால் மறுபடி நொண்டும்.

எல்லோரையும்விடப் பயனடைந்தவள் விடுதிக்காரி ரோஸ்விதா கேகல். முத்திரை குத்திய மனிதனுக்கு அடுத்த நொடியே பசி எடுக்கும். இதை டாக்டர்கள் யாரும் ஆராயவில்லை, ஆனால் ரோஸ்விதாவுக்குத் தெரியும். கம்பத்துக்கும் அவள் கதவுக்கும் இடையில் ஒரு பூந்தொட்டிதான் இருந்தது. பட்டாணிச் சூப்பின் வாசனை மீதியைப் பார்த்துக்கொண்டது.

இனி டாக்டர் ஹார்ட்விக் பிரிங்க்மான். எங்கள் பாதைச் சங்கத்தின் தலைவர். நில அளவை அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லைக் கற்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஒருமுறை மூச்சுத் திணறி விழுந்த பயணிக்கு உதவ யாரோ "டாக்டர், டாக்டர்" என்று கூப்பிட்டபோது கம்பீரமாக முன்னால் வந்து, விழுந்தவர் எந்தக் கிராம எல்லைக்குள் கிடக்கிறார் என்பதைத் தெளிவுபடுத்தினார். முத்திரை ஒழுங்குமுறை விதிகளை எழுதியவரும் அவரே. முத்திரை தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும், மங்கியதும் கலங்கியதும் செல்லாது என்பது ஒன்பதாம் விதி. அந்த விதியின்படி சொந்த மைத்துனரின் புத்தகத்தையே திருப்பி அனுப்பியவர். மைத்துனர் குடலிறக்க அறுவை முடிந்த கையோடு மறுபடி ஏறி வந்து குத்திக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த இரண்டு குடும்பங்களும் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது தனித்தனியாக.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் முத்திரை இருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. மாவட்ட அலுவலகத்தில் யார் யாரையோ பிடித்து, ஊருக்கு மேலே காக்கைத்தலைப் பாறையில் எஃகால் ஒரு பார்வை மேடை கட்ட வைத்தார். பாறை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நீண்டு நிற்கும் மேடை. அங்கிருந்து மூன்று மாநிலங்கள் தெரியும் என்று பலகை சொல்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அங்கிருந்து தெரிவது மூடுபனி. மேடை கட்டியதும் பாதையையும் அந்தப் பக்கமாகத் திருப்பி, ஊருக்குள் வராமலேயே பாறைக்கு ஏறி மறுபக்கம் பேருந்து நிறுத்தத்தில் இறங்கும்படி செய்தார். பாக்கி இருந்தது ஸ்டாம்ப் மட்டும்.

அதை மேலே கொண்டுபோகும் தீர்மானத்துக்காகச் சங்கக் கூட்டம் கூடியது. வழக்கம்போலக் காட்டுப்பன்றி விடுதியின் பின்னறையில், ரோஸ்விதா ஊற்றிக்கொடுத்த பியரோடு. நான் சங்கச் செயலாளர்; நடவடிக்கைக் குறிப்பு எழுத முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"முத்திரைங்கறது என்ன?" என்று தொடங்கினார் தலைவர். "வயிறு நிரம்புற இடத்தோட அடையாளமா, மனசு உயர்ற இடத்தோட அடையாளமா?"

"எனக்கு முட்டியே உயர மாட்டேங்குது," என்று என் காதில் சொன்னார் ஏவால்ட். "மனசு மட்டும் தனியா மேல போய் என்ன பண்ணும்?"

ரோஸ்விதாவும் சங்க உறுப்பினர்தான். கையில் தட்டோடு நின்றபடியே கேட்டாள்: "தலைவரே, அவங்க மேலயே குத்திட்டு அந்தப் பக்கமா பஸ் ஏறிட்டா, இங்க யாரு வருவா?"

"கேகல் அம்மா, இதை நாம வியாபாரக் கண்ணால பார்க்கக் கூடாது."

"வியாபாரக் கண்ணு இல்லாமத்தான் உங்க டம்ளர்ல பியர் வந்துச்சா?"

"நான் பேசறது இந்த மலையோட எதிர்காலத்தைப் பத்தி."

"நான் பேசறது அடுத்த வசந்தத்தைப் பத்தி. பியர் கம்பெனி ஹென்னிங் சொல்லிட்டான். லாரி பாதி பீப்பாயைத் திருப்பி எடுத்துட்டுப் போற மாதிரி இருந்தா, இவ்வளவு தூரம் மலையேறி வர மாட்டாங்களாம். இந்த இலையுதிர் காலத்துல முடிவு பண்ணிடுவாங்க. பியர் இல்லாத விடுதியை நான் என்னன்னு சொல்றது? வீடுன்னா?"

அறையில் கொஞ்சம் முணுமுணுப்பு கிளம்பியது. எல்லோரும் அவள் விடுதியில் குடிப்பவர்கள். தலைவர் நிலைமையைப் புரிந்துகொண்டு, தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடும்போது கேள்வியை மாற்றிக் கேட்டார்: "எதிர்காலத்துக்கு எதிரா இருக்கறவங்க கையைத் தூக்கலாம்."

யார் தூக்குவார்கள்? ஏவால்ட் டம்ளரைத் தூக்கினார், அது கணக்கில் சேராது. தீர்மானம் நிறைவேறியது.

அடுத்து, புதிய இடத்துக்கு முத்திரைக் காப்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளமில்லாத வேலை. மழையோ பனியோ, பாறைக்கு ஏறி மையைச் சரிபார்த்துவிட்டு வர வேண்டும். இயற்கையைப் பற்றி அவ்வளவு நேரம் உருக்கமாகப் பேசிய கூட்டம் திடீரென்று தன் செருப்புகளை ஆராயத் தொடங்கியது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பில் ஏதோ எழுதுவதாகக் காட்டிக்கொண்டேன்.

"நான் பார்த்துக்கறேன்," என்றாள் ரோஸ்விதா.

தலைவர் நெகிழ்ந்துபோனார். தோல்வியைத் தாண்டிச் சேவை செய்ய முன்வரும் இந்தக் குணம் அல்லவா நம் சங்கத்தின் ஆன்மா என்று எழுந்து நின்று கைதட்டினார். நன்றியோடு குறிப்பில் பதிவு செய்யச் சொன்னார். செய்தேன்.

ஸ்டாம்ப் மேலே போனது. ஒரு வாரத்துக்குள் விடுதி வாசலில் இலை விழும் சத்தம் கேட்டது. நாய் நான்கு காலிலும் நடந்தது.

அடுத்த வாரம் பாறைக் கம்பத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது. வெள்ளைத் தாள், பெரிய எழுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு நான்கு மூலையிலும் திருகாணி. 'முத்திரை ஒழுங்குமுறை, விதி பதினான்கு: காப்பாளர் ஸ்டாம்ப் பேடை வானிலையிலிருந்து பாதுகாக்க வேண்டும். அவ்வாறே பாதுகாக்கப்பட்டுள்ளது. பெற்றுக்கொள்ளும் இடம்: காட்டுப்பன்றி விடுதி, ஐலன்ரோடா. செவ்வாய்க்கிழமை விடுமுறை. இப்படிக்கு, முத்திரைக் காப்பாளர்.'

எங்கள் ஆட்கள் கடவுளோடு வாதாடுவார்கள், வரி அதிகாரியோடு வாதாடுவார்கள். உறை போட்ட தாளில் விதி எண்ணோடு இருப்பதை எதிர்த்து வாதாட மாட்டார்கள். ஸ்டாம்ப் மேலே சங்கிலியில் கிடக்கிறது. மை கீழே விடுதியில் இருக்கிறது. அப்படியானால் கீழே போய் மையை வாங்கிக்கொண்டு, மறுபடி ஏறி, குத்திவிட்டு, மையைத் திருப்பிக் கொடுக்க மறுபடி இறங்க வேண்டும். அதுதான் முறை.

முதல் நாள் வந்தவர்களில் ஹானோவரிலிருந்து வந்த ஒரு பல்வைத்தியரும் அவர் மனைவியும் இருந்தார்கள். வியர்வை சொட்ட உள்ளே வந்தார்கள்.

"மை இங்கதான் கிடைக்கும்னு போட்டிருக்கே?"

"கிடைக்கும். ஆனா இப்ப வெளிய போயிருக்கு," என்றாள் ரோஸ்விதா. "ஒரு பேட்தான் இருக்கு. சங்கம் அதுக்கு மேல தராது. முன்னாடி போனவங்க திரும்பட்டும். உட்காருங்க. பிளம் கேக் இப்பத்தான் இறக்கினேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

"அவங்க முட்டியைப் பொறுத்தது."

கேக் சாப்பிட்டார்கள். பேட் வந்ததும் கிளம்பினார்கள். "அடகா ஏதாவது வெச்சுட்டுப் போங்க," என்றாள். "பணமெல்லாம் வேண்டாம். தொப்பி போதும். அப்பத்தான் பேட் பத்திரமா வீடு வந்து சேரும்." தொப்பியை வாங்கிச் சுவரில் இருந்த மான் கொம்பில் மாட்டினாள். தொப்பிக்காகவும் பேட் ஒப்படைப்பதற்காகவும் மாலையில் திரும்பி வந்தவர்களுக்கு, இரண்டு முறை மலையேறிய மனிதர்களுக்கே உரிய பசி இருந்தது. சூப்போடு நிறுத்தாமல் சாசேஜ், உருளைக்கிழங்கு, பியர் என்று போய்க்கொண்டே இருந்தார்கள்.

கோடை நடுவில் விடுதியில் உட்கார இடமில்லை. முன்பெல்லாம் ஒருவர் ஒருமுறை வந்துபோவார். இப்போது ஒவ்வொருவரும் இரண்டு முறை வந்தார்கள், நடுவில் காத்திருக்கவும் செய்தார்கள். காத்திருந்த நேரத்தில் ஏவால்டின் ரொட்டியை வாங்கினார்கள், கழிப்பறைக்குப் போனார்கள், தேவாலயம் சற்றே சாய்ந்திருப்பதைக் கவனித்துப் போதகரிடம் சொன்னார்கள். பாதை நெடுகிலும் பேச்சு பரவியது: பதினேழாம் முத்திரைதான் இருப்பதிலேயே கடினமானது. பழைய நாட்களில் வாசலிலேயே குத்திக்கொண்டு போனவர்கள்கூட, அது சுலபமாகக் கிடைத்தது என்ற குற்ற உணர்வோடு மறுபடி வந்து முறைப்படி குத்திக்கொண்டார்கள்.

டாக்டர் பிரிங்க்மான் ஒரு நாள் மதியம் தன் கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். அந்தத் தடியில் அவர் ஏறிய சிகரங்களின் தகர வில்லைகள் அடிக்கப்பட்டிருக்கும். தடியின் எடைக்கே ஓர் ஆள் வேண்டும்.

"கேகல் அம்மா, இது என்ன கேலிக்கூத்து?"

"எது தலைவரே?"

"பேடைக் கொண்டுவந்து கீழ வெச்சிருக்கறது."

"வானிலையிலிருந்து பாதுகாக்கணும்னு விதி சொல்லுது. மேல ஒரே பனியும் காத்துமா இருக்கு. இங்க அடுப்புக்கு மேல அலமாரியில வெச்சிருக்கேன். தொட்டுப் பாருங்க, எவ்வளவு பதமா இருக்கு."

"விதியோட நோக்கம் அது இல்லை."

"விதியை எழுதினது யாரு?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கீங்க. எதுலயும் ஓட்டை இல்லை." அவர் முன் ஒரு கோப்பை காப்பியை வைத்தாள். "சர்க்கரை போடட்டுமா?"

அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். ஓர் ஆளைத் தோற்கடிக்கலாம். தான் எழுதிய விதியை அவரால் தோற்கடிக்க முடியவில்லை. மூன்று இரவு உட்கார்ந்து அதில் குறை தேடியதாக அவர் மனைவி பேக்கரியில் சொன்னாள். விதிகளைப் பாராட்டிக்கொண்டே தூங்கிப்போனாராம்.

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. மாவட்ட அலுவலகத்தின் அன்பளிப்பாக, எந்த வானிலையும் உள்ளே நுழையாத, ரப்பர் விளிம்பு வைத்த துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி ஒன்று காக்கைத்தலைக்கு வரப்போவதாக அறிவித்தார். பெட்டியோடு வரும் புதிய பேட் இனி அதற்குள்ளேயே இருக்கும். காப்பாளர் பாதுகாக்க எதுவும் மிச்சமிருக்காது. மேடையின் முதலாம் ஆண்டு விழாவில் மாவட்டத் தலைவர் அம்மையாரே பெட்டியைத் திறந்துவைப்பார். அதில் முதல் முத்திரையைக் குத்திக்கொள்ளப்போவது டாக்டர் பிரிங்க்மான். மற்ற எல்லா முத்திரைகளையும் சேர்த்துவிட்டு, பதினேழை மட்டும் இந்த நாளுக்காகவே ஒதுக்கி வைத்திருந்தார். தன் மேடையில், தன் விதிப்படி, பத்திரிகைக்காரர் முன்னிலையில் பாதை மன்னர் ஆவதற்காக. விழாவைச் செவ்வாய்க்கிழமை வைத்தார். விடுதி மூடியிருக்கும் நாள். விழாக் கூட்டத்தின் ஒரு வாய் பியர்கூட ரோஸ்விதாவுக்குப் போகக் கூடாது.

செய்தி வந்த அன்று ஹென்னிங் லாரியோடு வந்திருந்தான். காலிப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டே கேட்டான்: "கோடை பூரா நல்லாப் போச்சு. ஆனா அந்தப் பெட்டி வந்துட்டா?"

"வந்துட்டா என்ன, நான் ஓடிப்போயிடுவேனா?"

"நீ ஓட மாட்டே. லாரிதான் ஓடாது. கம்பெனியில உட்கார்ந்திருக்கறவன் நல்ல கோடையைப் பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டான், ரோஸி. அடுத்த வருஷமும் இப்படியே இருக்குமான்னுதான் கேப்பான். நான் என்ன சொல்லட்டும்?"

"செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் சொல்லு," என்றாள். ஆனால் அன்று அவள் சூப்பில் உப்பு அதிகம். அவளுக்கு அப்படி ஆனதை நாங்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

விழா நாளில் மூடுபனி தன் கடமையைத் தவறாமல் செய்தது. பித்தளை வாத்தியக் குழுவில் பின்வரிசைக்காரர்களைக் காணவில்லை, சத்தம் மட்டும் வந்தது. மாவட்டத் தலைவர் அம்மையார் நகரத்துக் காலணியோடு எஃகுத் தரையில் வழுக்கி வழுக்கி வந்து, மூன்று மாநிலங்களின் அழகைப் பற்றி நான்கு பக்கம் படித்தார். கண்ணுக்குத் தெரிந்தது கைப்பிடிக் கம்பி. எங்களுக்குப் பின்னால், விழா முடிந்ததும் முத்திரை குத்திக்கொள்ள வந்த நடையாளர்கள் கையில் புத்தகத்தோடு ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.

தலைவர் அன்று பச்சைக் கம்பளித் தொப்பி அணிந்திருந்தார். முன்பக்கம் முழுக்க வில்லைகள். நடுவில் மட்டும் கட்டைவிரல் அளவு காலியிடம், மன்னர் வில்லைக்காக. அவர் ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் அம்மையார் எஃகுப் பெட்டியைத் திறந்தார்.

அந்தப் பெட்டிக்குள் வானிலை நுழைய முடியாது என்பது உண்மை. ஆனால் முந்தின நாள் பூட்டியபோதே உள்ளே இருந்த ஈரத்துக்கு வெளியேறவும் வழியில்லை. குளிர்ந்த எஃகு இரவெல்லாம் உள்பக்கம் வியர்த்திருந்தது. மூடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, பேட் பச்சைத் தண்ணீர்த் தொட்டி போல் ஆகியிருந்தது.

தலைவர் அதைப் பார்த்தார். பார்த்தும், கேமரா முன்னால் நின்று பின்வாங்க மனமில்லாமல் ஸ்டாம்பைத் தோய்த்துப் புத்தகத்தில் பாக்கியிருந்த ஒரே கட்டத்தில் அழுத்தினார். எடுத்தபோது அங்கே முத்திரையில் இருக்க வேண்டிய கரிக்காரர் குடிசையும் இல்லை, பதினேழும் இல்லை. ஒரு சின்னக் குளம் இருந்தது. அது மெல்லப் பதினாறாம் கட்டத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

வாத்தியம் நின்றது. அம்மையார் எட்டிப் பார்த்து, அன்பாக, "பரவாயில்லையே, பச்சையாத்தானே இருக்கு?" என்றார்.

"செல்லாது," என்றது வரிசையின் முதலில் நின்ற ஒரு பெண்ணின் குரல். முதுகுப்பை, மழையங்கி, காது வரை இழுத்த குல்லாய். "ஒன்பதாம் விதி. கலங்கியது செல்லாது. போன வருஷம் என் புத்தகத்தை இதே காரணத்துக்குத்தான் திருப்பி அனுப்பினாங்க. கையெழுத்து டாக்டர் பிரிங்க்மான்னு இருந்துச்சு. அவரை யாருக்காவது தெரியுமா?"

வரிசை முழுக்கத் தலையசைத்தது. தலைவர் தன் புத்தகத்தை மூடினார். குளம் நசுங்கி ஓரத்தில் வழிந்தது. அவர் முகத்தை நான் அருகில் இருந்து பார்த்தேன். சட்டத்தை மீறிவிடலாமா என்ற எண்ணம் வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குள் வந்து, உட்கார இடம் கிடைக்காமல் திரும்பிப்போனது.

"கீழ நல்ல பேட் ஒண்ணு இருக்கு," என்றார் ஏவால்ட், யாரையும் பார்க்காமல்.

ஊர்வலமாக இறங்கினோம்: தலைவர், அம்மையார், பத்திரிகைக்காரர், வாத்தியக் குழு, வரிசை கலையாத நடையாளர்கள். காட்டுப்பன்றி விடுதியின் கதவு பூட்டியிருந்தது. கதவில் பலகை: இன்று விடுமுறை. எங்கள் ஊரில் விடுமுறை நாளில் விடுதிக் கதவைத் தட்டுவது, ஒருவர் குளிக்கும்போது உள்ளே நுழைவதைப் போன்றது. தீப்பிடித்தால்கூட ஒருமுறை யோசிப்போம். டாக்டர் பிரிங்க்மான் கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கித் தட்டினார்.

ஜன்னல் திறந்தது. ரோஸ்விதா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, வெந்நீர் வாளிக்குள் காலை வைத்திருந்தாள்.

"இன்னிக்குச் செவ்வாய்," என்றாள்.

"தெரியும், கேகல் அம்மா."

"நீங்களே பார்த்துத்தான் செவ்வாய் வெச்சீங்கன்னு கேள்விப்பட்டேன்."

தலைவர் தொண்டையைச் செருமினார். பேட் வேண்டும் என்று சொல்ல அவர் எடுத்துக்கொண்ட சொற்களைக் கொண்டு ஒரு பாலம் திறப்பு விழாவே நடத்தியிருக்கலாம். கடைசியில், குரலைத் தாழ்த்தி, "ஸ்டாம்பையே கீழ கொண்டுவந்துடலாம்," என்றார். "பழைய இடத்துலயே, உங்க வாசல்லயே. அடுத்த கூட்டத்துல நானே தீர்மானம் கொண்டுவரேன். இன்னிக்கு மட்டும் அந்தப் பேடைக் கொடுங்க."

நாங்கள் எல்லோரும் ரோஸ்விதாவைப் பார்த்தோம். வசந்தத்திலிருந்து அவள் கேட்டது இதைத்தானே.

அவள் காலை வாளியிலிருந்து எடுத்துத் துண்டால் துடைத்தாள். "வேண்டாம்," என்றாள். "அது மேலயே இருக்கட்டும்."

"மேலயா?"

"வாசல்ல இருந்தப்ப ஒரு தடவைதான் வந்தாங்க, தலைவரே. இப்ப ரெண்டு தடவை வராங்க. நீங்க மேடையை அங்க கட்டினது எவ்வளவு நல்லதுன்னு எனக்குக் கோடையிலதான் புரிஞ்சுது. பேட் இங்கயே இருக்கும்னு மட்டும் தீர்மானம் போடுங்க. அந்த எஃகுப் பெட்டியையும் எடுக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்டு என் மெனு கார்டை அதுக்குள்ள வெச்சுக்கறேன்."

அம்மையார் சிரிப்பை அடக்கத் தன் உரையின் நான்கு பக்கங்களையும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தலைவர், "சரி," என்றார். அந்தச் சொல்லை மட்டும் அன்று நான் அப்படியே குறித்துக்கொண்டேன். அவர் ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"தொப்பி?" என்று கையை நீட்டினாள் ரோஸ்விதா.

வில்லைகள் கலகலக்கத் தொப்பி ஜன்னல் வழியாக உள்ளே போனது. பேட் வெளியே வந்தது. தூறல் தொடங்கியிருந்தது. பாதை மன்னர் ஆகப்போகிறவர் வழுக்கைத் தலையோடு, பேடைக் கோட்டுக்குள் அணைத்தபடி, தனியாக மலையேறிப் போனார். பத்திரிகையில் வந்த படம் அதுதான். முதுகுப்பக்கம் மட்டும் தெரிகிற, நல்ல படம்.

மற்றவர்கள் அவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாத்தியக்காரர்களுக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஆனால் விடுமுறை நாள். யாரும் கேட்கத் துணியவில்லை.

"கதவு மூடித்தான் இருக்கும்," என்றாள் ரோஸ்விதா. "ஜன்னலுக்கு விடுமுறைன்னு எங்கயும் எழுதலையே."

முதல் டம்ளரை அம்மையாருக்கு நீட்டினாள். தலைவர் திரும்பி வந்தபோது பீப்பாய்கள் காலியாகிவிட்டிருந்தன. அவருக்குக் கொடுக்க ஆப்பிள் சாறுதான் மிஞ்சியது. மறுநாள் காலை ஹென்னிங்குக்குத் தொலைபேசியில் அவள் சொன்னது சுருக்கமாக இருந்தது: "கையெழுத்துப் போடச் சொல்லு. இன்னிக்கே வா. பெரிய லாரியா எடுத்துட்டு வா."

டாக்டர் பிரிங்க்மான் மனம் உடைந்துவிடுவார் என்று பயந்தோம். வீண் பயம். இலையுதிர் காலக் கூட்டத்தில், தொப்பியின் நடுவில் மன்னர் வில்லை மின்ன, எழுந்து நின்று 'இரட்டை ஏற்றம்' என்ற தத்துவத்தை விளக்கினார். மனிதன் முதல்முறை உடலால் ஏறுகிறான், இரண்டாம் முறை மனத்தால் ஏறுகிறான். இடையில் ஊர் மக்களோடு ஒரு சந்திப்பு. இதைத்தான் மேடை கட்டும்போதே தான் மனத்தில் வைத்திருந்ததாகச் சொன்னார். பாதையில் மற்ற ஊர்களும் நம்மைப் பின்பற்றி, தங்கள் மையை எங்கெங்கோ கொண்டுபோய் ஒளிக்கத் தொடங்கியிருப்பதை மாவட்டம் பாராட்டுகிறது என்றார். பேட் நிரந்தரமாகக் காட்டுப்பன்றி விடுதியில் இருக்கும் என்ற தீர்மானத்துக்கு முன்னுரையாக, எல்லைக் கற்களின் வரலாற்றுக்குள் இறங்கினார்.

"இவருக்கு வெக்கமே இல்லையா?" என்று ரோஸ்விதாவிடம் மெதுவாகக் கேட்டார் ஏவால்ட். "எல்லாத்தையும் தான் பண்ணின மாதிரி பேசறார். நீ எழுந்து ஒரு வார்த்தை சொல்லேன்."

"சும்மா இரு," என்றாள் அவள். "இப்பத்தான் பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்திருக்கார். எல்லாரோட டம்ளரும் காலி." தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனாள். தலைவர் அடுத்த எல்லைக் கல்லுக்குப் போனார். பின்னறையில் அவள் இரண்டாவது பீப்பாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.